ஹெஸ்ஸியன் ஈ: ஒரு வசவு அகராதிக்குள் போன கதை

வேலை நிமித்தமாக 'ஹெஸ்ஸியன்' என்ற சொல்லோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். மெஷின் லேர்னிங் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு ஹெஸ்ஸியன் மேட்ரிக்ஸ் தெரிந்திருக்கும். லுட்விக் ஓட்டோ ஹெஸ்ஸே என்ற 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கணித அறிஞரின் பெயர் அது. சணல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஹெஸ்ஸியன் என்றால் கோணித்துணி. அதற்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மனியில் ஹெஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதன் பெயர். மூன்றாவதாக ஒரு ஹெஸ்ஸியன் உண்டு: ஹெஸ்ஸியன் ஃப்ளை. கோதுமைப் பயிரை நாசம் பண்ணும் ஒரு பூச்சி. இந்தப் பதிவு அந்த மூன்றாவதைப் பற்றியது.

இந்தக் கூட்டுச்சொல் எங்கிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் ஏறக்குறைய எல்லாமே ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. அமெரிக்கப் புரட்சிப் போரின்போது ஹெஸ்ஸியன் படைவீரர்கள் இந்தப் பூச்சியைக் கொண்டுவந்ததாக நம்பப்பட்டதால் இந்தப் பெயர். சில அகராதிகள் 'தவறாக' என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும்: 'தவறாக நம்பப்பட்டதால்'.

எனக்கு உறுத்துவது அந்த 'நம்பப்பட்டதால்'தான். யார் நம்பினார்கள்? எப்போது? நம்பிக்கை முதலில் வந்ததா, பெயர் முதலில் வந்ததா? செயப்பாட்டு வினையில் ஒரு வசதி இருக்கிறது, செய்தவன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை 'நான்தான் செய்தேன்' என்று ஒருவர் கைப்பட எழுதியே வைத்திருக்கிறார். அதைப் படித்த பிறகு அகராதிகள் சொல்லும் காரணம் அரைகுறையாக மட்டும் இல்லை, ஆளையே திசைதிருப்புவதாகத் தெரிகிறது.

முதலில் பூச்சி. சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், பார்க்க நோஞ்சான் கொசு மாதிரி இருக்கும். வளர்ந்த ஈ சில நாள்தான் உயிரோடு இருக்கும், பயிரைத் தின்னவும் தின்னாது. சேதமெல்லாம் புழுவின் வேலை. இலையில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் புழு கீழே இறங்கி, இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இளம்பயிர் என்றால் செத்துப்போகும். வளர்ந்த பயிர் என்றால் தண்டு பலவீனமாகி, கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒடிந்து சாயும். பிறகு புழு பழுப்பு நிறக் கூடு ஒன்றுக்குள் அடங்கிவிடும். அந்தக் கூடு ஆளி விதை போலவே இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பருவத்துக்கே ஆளிவிதைப் பருவம் என்று பெயர். அறுவடைக்குப் பின் தாளிலும் வைக்கோலிலும் அப்படியே பல மாதம் கிடக்கும். கடைசியாகச் சொன்ன இந்த விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூட்டுச்சொல்லின் இரண்டாம் பாதியில் வம்பே இல்லை. ஆங்கிலப் பூச்சியியலில் ஒரு எழுத்து வழக்கம் உண்டு: இரண்டு சிறகு மட்டுமே கொண்ட உண்மையான ஈ வகை என்றால் 'ஃப்ளை' என்பதைத் தனிச்சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள், ஈ அல்லாதது என்றால் சேர்த்து எழுதுவார்கள். வெள்ளை ஈ, தும்பி, பட்டாம்பூச்சி எல்லாம் ஆங்கிலத்தில் 'ஃப்ளை' ஒட்டிக்கொண்ட ஒரே சொல். வீட்டு ஈ பிரிந்த சொல். ஹெஸ்ஸியன் ஃப்ளை பிரித்தே எழுதப்படுகிறது, அது நிஜமாகவே ஈதான். ஆக நடுவில் விட்ட ஒரு இடைவெளி உண்மை பேசுகிறது. அதற்கு முன்னால் நிற்கும் அடைமொழியிலதான் சிக்கல்.

1776இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் கலகத்தை அடக்க பிரிட்டிஷ் அரசு ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து படைகளை வாடகைக்கு எடுத்தது. போர் முடிவதற்குள் மொத்தம் சுமார் 30,000 பேர் போனார்கள். அதில் பாதிக்கு மேல் ஹெஸ்-காசல், ஹெஸ்-ஹனாவ் என்ற இரண்டு சிறு நாடுகளிலிருந்து போனவர்கள். மீதிப்பேர் பிரவுன்ஷ்வைக், அன்ஸ்பாக், வால்டெக் மாதிரியான இடங்களைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை, எல்லாருமே 'ஹெஸ்ஸியன்'தான். இவர்களைக் கூலிப்படை என்று சொல்வது வழக்கம். உண்மையில் கூலியின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது அனுப்பிய அரசனுக்கு. சிப்பாய் பாவம், போ என்றால் போனவன். ஆனால் துப்பாக்கி முனைக்கு எதிரில் நின்ற விவசாயிக்கு இந்தக் கணக்கு எப்படிப் புரியும்? அந்நியக் கூலிப்படையை இறக்கியது, சுதந்திரப் பிரகடனத்திலேயே மன்னர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இந்தப் படை 1776 ஆகஸ்டில் நியூயார்க் அருகே ஸ்டேட்டன் தீவில் இறங்கியது. அந்த மாதக் கடைசியில் லாங் ஐலண்ட் சண்டை. அடுத்த சில ஆண்டுகளில் அதே லாங் ஐலண்ட் பகுதியில் கோதுமை ஒடிந்து விழ ஆரம்பித்தது. இடம் பொருந்துகிறது, காலமும் பொருந்துகிறது. இவ்வளவு போதும், ஒரு கதை தானாக எழும்பி நின்றுவிடும்.

ஆனால் பெயர் இந்தக் கதையிலிருந்து பிறந்ததா? இங்கேதான் கர்னல் ஜார்ஜ் மார்கன் வருகிறார். நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் பக்கத்தில் பெரிய பண்ணை வைத்திருந்தவர், புரட்சிப் பக்கத்து ஆள், பூச்சியை உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். 1788இல் அவர் நியூயார்க்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் சர் ஜான் டெம்பிளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: பூச்சி லாங் ஐலண்டில் தலைகாட்டிய புதிதிலேயே தானும் ஒரு நண்பருமாகச் சேர்ந்து இந்தப் பெயரை வைத்தோம். இரண்டு ஜந்துக்கள் மீதும் தங்களுக்கு இருந்த எண்ணத்தை அது சொல்லும் என்பதால் வைத்தோம். பெயர் பரவ வேண்டும் என்று மெனக்கெட்டோம். மனித ஜந்து மீது விவசாயிகளுக்கு இருந்த வெறுப்பு இன்னும் கூட வேண்டும், அடுத்த தலைமுறைக்கும் அது போய்ச் சேர வேண்டும், நாட்டுக்கு அப்படியொரு துவேஷம் பயன்படும்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இதில் வைக்கோல் எங்கே? கப்பல் எங்கே? பூச்சி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே இல்லை. ஒருவனைப் பூச்சி என்று திட்டுவதற்குப் பதிலாக, பூச்சிக்கு அவன் பெயரை வைத்திருக்கிறார்கள். திட்டமிட்டு, பரப்பும் நோக்கத்தோடு வைத்திருக்கிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால் பிரசார வேலை.

சரி, மார்கன் சொன்னால் உடனே நம்பிவிடுவதா? கூடாது. சம்பவம் நடந்து பத்து வருஷம் கழித்து எழுதுகிறார். தன் பெருமையைத் தானே பேசுகிறார். எழுதுவதும் தோற்ற நாட்டின் தூதருக்கு; கொஞ்சம் குத்திக்காட்டும் ஆசை இருந்திருக்கும். பெயரை வைத்தவர் இவர் ஒருவர்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரே வெறுப்பு ஊரெல்லாம் இருக்கும்போது ஒரே வசவு நாலு வாயிலிருந்து ஒரே நேரத்தில் வரலாம். ஆனால் கடிதத்திலிருந்து ஒன்று நிச்சயம் தெரிகிறது. அந்தக் காலத்து ஆள் ஒருவருக்கு இந்தப் பெயர் வசவாகவே காதில் விழுந்திருக்கிறது, தோற்றம் பற்றிய விளக்கமாக அல்ல.

இன்னும் சுவாரஸ்யம், இதே மார்கன் வேறொரு குறிப்பில் வைக்கோல் கதையையும் சொல்கிறார். போரின் தொடக்கத்தில் லாங் ஐலண்டில் இறக்கப்பட்ட ஏதோ வைக்கோலோடு பூச்சி வந்தது, முதலில் தென்பட்டது ஜெனரல் ஹவ் படையிறக்கிய இடத்துக்குப் பக்கத்தில், ஃப்ளாட்புஷ் அருகே என்கிறார். கவனியுங்கள், ஹவ் யார்? பிரிட்டிஷ் தளபதி. வந்தது மொத்தமாகப் பிரிட்டிஷ் கப்பற்படை. வைக்கோல்தான் காரணம், அதனால்தான் பெயர் என்றால் 'ஹவ் ஈ' என்றோ 'பிரிட்டிஷ் ஈ' என்றோ வைத்திருக்கலாமே? ஜெர்மானியன் தலையில் மட்டும் ஏன் கட்ட வேண்டும்? பெயரைத் தேர்ந்தது வெறுப்பு. வைக்கோல், அந்தப் பெயருக்கு வாய்ப்பாக அமைந்த சாட்சி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'நம்பப்பட்டதால்' என்று அகராதி எழுதும்போது, ஒரு வசவு தோற்றுப்போன அறிவியல் கருதுகோளாக உருமாறிவிடுகிறது. வசவு போட்டவனுக்கு இதைவிட நல்ல பெயர் வாங்கித் தர முடியாது!

'தவறாக' என்று சேர்க்கும் அகராதிகளுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் அவசரம்தான். கூட்டுப்புழு வைக்கோலில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? கப்பலில் படுக்கைக்கும் மூட்டைக்கும் போட்ட வைக்கோலோடு அது கடல் தாண்டியிருக்க உயிரியல் ரீதியாக எந்தத் தடையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹாகன் என்ற பூச்சியியலாளர் ஹெஸ்ஸியன் படைமீது இருந்த பழியைத் துடைக்க வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். படை கொண்டுவந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லலாம். கொண்டுவரவே இல்லை என்று சொல்வது வேறு.

பூச்சியின் சொந்த ஊர்? கோதுமையின் சொந்த ஊர்தான். மேற்கு ஆசியாவில் கோதுமையோடு கூடவே வளர்ந்து, கோதுமை போன இடமெல்லாம் போன பூச்சி இது என்பதுதான் இன்றைய கருத்து. 1834இல் ஜேம்ஸ் டுவைட் டானா என்ற இளம் அமெரிக்க அறிஞர் மத்தியதரைக் கடலில் மினோர்கா தீவில் இதைக் கண்டார். ஜெர்மனியில் வாக்னர் என்பவர் 1861இல் இந்தப் பூச்சியைப் பற்றி ஒரு ஆய்வு நூல் வெளியிட்டபோது அதன் தலைப்பிலேயே 'புதிய' தானிய ஈ என்றுதான் போட்டார். பெயருக்குச் சொந்தக்காரர்களுக்கே அது புதுசு!

இதெல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக 1788ஐக் கொஞ்சம் பார்ப்போம். மார்கன் கடிதம் எழுதிய அதே வருஷம். அமெரிக்கக் கோதுமையோடு இந்தப் பூச்சி வந்துவிடும் என்று பிரிட்டனில் பயம் கிளம்பியது. அரசு ஆலோசனை கேட்டது சர் ஜோசப் பேங்க்ஸிடம். கேப்டன் குக்கோடு உலகம் சுற்றியவர், ராயல் சொசைட்டியின் தலைவர். அவர் பூச்சியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இருந்தாலும் எச்சரிக்கையே நல்லது என்றார். அமெரிக்கக் கோதுமை இறக்குமதிக்குத் தடை விழுந்தது. ஐரோப்பாவில் இருந்த தூதர்கள் மூலம் விசாரித்ததில் ஜெர்மனியில் அப்படி ஒரு பூச்சியை யாருக்கும் தெரியவில்லை. பூச்சி இருப்பது தண்டில், தானியத்துக்குள் இல்லை என்ற அமெரிக்கப் பக்கத்து வாதம் உடனே எடுபடவில்லை. போதாததற்கு, அமெரிக்காவின் தென்பகுதியில் தானியத்தையே குடையும் வேறொரு பூச்சியின் பேச்சும் இதோடு சேர்ந்து குழம்பிக் கிடந்தது. தடை 1789இல் நீங்கியது. அமெரிக்கர்கள் இதை லேசில் மறக்கவில்லை. 1791இல் அமெரிக்கத் தத்துவக் கழகம் இந்த ஈயை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைவர் வேறு யாருமில்லை, தாமஸ் ஜெஃபர்சன்.

அந்தத் தானியம் குடையும் பூச்சிக்கு ஆங்கிலத்தில் இன்றைய பெயர் அங்குமுவா தானிய அந்து. நம் வீட்டு நெல்மூட்டையில் பறக்கும் அதே அந்துப்பூச்சிதான். அங்குமுவா என்பது பிரான்சில் ஒரு மாகாணம். இதுவும் ஊர்ப்பெயர் வைத்த பூச்சிதானே, இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். 1760களில் அந்த மாகாணத்தில் தானியம் பாழாகி, அதை ஆராய இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் அங்கே போய் அந்தப் பூச்சியைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெயர் துன்பப்பட்ட ஊரைச் சொல்கிறது. ஹெஸ்ஸியன் என்ற பெயர் துன்பம் தந்தவனாகக் காட்டப்பட்டவனைச் சொல்கிறது. இலக்கணப்படி இரண்டும் ஒரே அச்சில் வார்த்த கூட்டுச்சொற்கள். இடப்பெயர் அடைமொழி, பின்னால் பூச்சிப்பெயர். இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லின் பிறப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இந்த ஜோடியை உதாரணமாகக் காட்டலாம்.

நம்மூரிலும் இந்த அடைமொழி வியாதி உண்டு. ஹெஸ்ஸியன் ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் நெல்லில் இருக்கிறது: ஆனைக்கொம்பன் ஈ. தாக்கப்பட்ட குருத்து வெள்ளையாக, குழலாக, யானைத் தந்தம் போல நீளும். வயலில் இறங்கிப் பார்த்தவன் வைத்த பெயர், யாரையும் திட்டவில்லை. 'ஆகா, தமிழன் வைத்த பெயரைப் பார்!' என்று மார்தட்டுவதற்கு முன் பருத்திக் காட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். அங்கே அமெரிக்கன் காய்ப்புழு. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டோம். அந்தப் புழு ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கத்தது. அமெரிக்கக் கண்டத்தில், பிரேசிலில், அது இருப்பதாக முதலில் அறிவிக்கப்பட்டதே 2013இல்தான்! 2018இல் மக்காச்சோளத்துக்கு வந்த அமெரிக்கன் படைப்புழுவோ நிஜமாகவே அமெரிக்காவிலிருந்து கிளம்பியது. ஒரே அடைமொழி, ஒன்றில் பொய், இன்னொன்றில் மெய். பெயரைப் பார்த்துப் பிறந்த ஊரை முடிவு செய்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி: ஏன் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது? எல்லா வசவும் ஒட்டுவதில்லையே. ஜெர்மனியிலேயே ஒரு எதிர்க்கதை இருக்கிறது. 1950இல் கிழக்கு ஜெர்மன் அரசு, உருளைக்கிழங்கை அழிக்கும் கொலராடோ வண்டுகளை அமெரிக்க விமானங்கள் வயல்களில் கொட்டுவதாகக் குற்றம் சாட்டியது. வண்டுக்கு 'ஆமிகேஃபர்' என்று பெயர் வைத்தார்கள். ஆமி என்றால் அமெரிக்கன், கேஃபர் என்றால் வண்டு. சுவரொட்டி, துண்டறிக்கை என்று அரசு பலமே பின்னால் நின்றது. மார்கனும் நண்பரும் இரண்டே பேர். ஆனால் ஆமிகேஃபர் இன்று வரலாற்றுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஜெர்மானியர்கள் பழையபடி 'உருளைக்கிழங்கு வண்டு' என்றே சொல்கிறார்கள்.

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று. கொலராடோ வண்டுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. லாங் ஐலண்டில் கோதுமை ஒடிந்தபோது அந்தப் பூச்சிக்குப் பெயரே இல்லை. தாமஸ் சே அதற்கு முறையான அறிவியல் பெயர் வைத்தது 1817இல். ஏறக்குறைய நாற்பது வருஷ இடைவெளி. அத்தனை வருஷமும் விவசாயி பேசியாக வேண்டும், பத்திரிகை எழுதியாக வேண்டும், அரசு தடை போட்டாக வேண்டும். கையில் இருந்த ஒரே சொல் இந்த வசவு. எங்கள் தொழிலில் இது தினசரிக் காட்சி. அவசரத்துக்கு ஒருத்தர் ஒரு வேரியபிளுக்குக் கன்னாபின்னா என்று பெயர் வைப்பார். அதை நம்பி இருநூறு ஃபைல் வந்த பிறகு யாரும் மாற்றத் துணிய மாட்டார்கள்.

மாற்ற வேண்டுமா என்றால், இந்தப் பெயரை மாற்றத் தேவையில்லை என்பது என் கட்சி. அமெரிக்கப் பூச்சியியல் கழகம் 2021இல் இப்படிப்பட்ட பெயர்களை மறுபரிசீலனை செய்யத் தொடங்கி, 'ஜிப்ஸி அந்து' என்பதைக் கைவிட்டு 2022இல் 'ஸ்பாஞ்சி அந்து' என்று மாற்றியது. அது நியாயம். ரோமா மக்கள் அந்த வார்த்தையால் இன்றும் காயப்படுகிறார்கள். ஹெஸ்ஸியன் ஈ என்று சொன்னால் இன்று யாருக்கும் வலிக்காது. வசவு செத்து வெறும் பெயராகிவிட்டது. செத்ததை அழிப்பதைவிட, எப்படிச் செத்தது என்று எழுதி வைப்பது மேல். என் குறை பெயர் மீது இல்லை, அதை விளக்கும் அந்த ஒற்றை வரி மீதுதான். இவ்வளவு பெரிய அகராதிகள், அரைவரி கூடுதலாக எழுதி 'எதிரிப் படையை இழிவுபடுத்தும் நோக்கில்' என்று சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

ஜெர்மன் விவசாயப் புத்தகங்களில் இந்தப் பூச்சி என்ன பெயரில் இருக்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். ஹெஸ்ஸன்ஃபிளீகே. அதாவது, ஹெஸ் ஈ. ஆங்கிலத்திலிருந்து அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்.